பழங்கட்டடமும் படப்பெட்டியும்

நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது அருப்புக்கோட்டையில் வணிகம் செய்து வருபவர், சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் நம் இல்லம் வந்தார். தாம் எடுத்த நாற்பது புகைப்படங்களைப் பாயின்மீது பரப்பினார். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என இந்த வானம் பார்த்த பூமியில் விடுமுறை நாள்தோறும் அலைந்து எடுத்தவை அவை. பழைய வீடுகள், சத்திரங்கள், பள்ளிவாசல்கள், கைவிடப்பட்ட பேட்டைகள், கிணற்றடி மண்டபங்கள். இவற்றைத் தொகுத்துச் சிறுநூலாக வெளியிட எண்ணம் என்றும், நாம் மதிப்புரை எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உறையின்மேல் "விசித்திரக் கட்டடங்கள்" என்று தலைப்பும் இட்டிருந்தார்.

மதிப்புரை என்பது புகழுரை அன்று என்பதை அவர் அறிவார்; ஆகையால் நாம் கண்டதைக் கண்டபடி எழுதுகிறோம்.

படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஒளியைப் பிடிக்கத் தெரிந்த கை அது. காலை வெயில் சாய்வாக விழும்போது சுண்ணாம்புச் சுவரின் மேடுபள்ளம் தெரிகிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றிருக்கிறார். ஆயினும் தலைப்பில்தான் நமக்கு முதல் வழக்கு. விசித்திரம் என்றால் என்ன?

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல்கஸ்வீனி (ரஹ்), படைப்புகளின் அதிசயங்களைப் பற்றித் தாம் இயற்றிய பெருநூலின் முன்னுரையில், வியப்பு என்பதற்கு இலக்கணம் வகுக்கிறார். ஒரு பொருளின் காரணத்தை அறிய இயலாதபோது மனிதனுக்கு உண்டாகும் திகைப்பே வியப்பு என்பது அவர் கருத்து. தேனடையை முதன்முதல் காண்பவன், அதைக் கட்டியது யார் என்று அறியாதபோது திகைக்கிறான். தேனீ கட்டியது என்று அறிந்தபின், அளவுகோலும் கவராயமும் இன்றி அச்சிறு பூச்சி அறுகோணத்தை எங்ஙனம் அமைத்தது என்று மீண்டும் திகைக்கிறான். நாம் இதிலிருந்து கொள்வது இது: விசித்திரம் என்று நாம் ஒன்றைச் சொல்லும்போது, அப்பொருளைப் பற்றிப் பேசவில்லை, நம் அறியாமையைப் பற்றிப் பேசுகிறோம். அவ்வறியாமையோடு நின்றுவிட்டால் அது வேடிக்கை. காரணத்தைத் தேடிச் சென்றால் கல்வி.

மாணவரின் படங்களில் ஒன்பதாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு பழைய வீடு. அடிச்சுவர் மூன்று முழம் அகலம். மேலே போகப்போகக் குறுகுகிறது. சாளரங்களோ, தலை நுழையாத அளவு சிறியவை. "கோட்டை போலக் கட்டிய கஞ்சன் வீடு" என்று படத்தின் பின்னே குறித்திருக்கிறார். கஞ்சத்தனம் அன்று, தம்பி! அது கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வாய் பிளக்கும். கை நுழையும் வெடிப்புகளைப் பங்குனி, சித்திரையில் நம் புன்செய்களில் யாரும் காணலாம். அந்த மண்ணின்மேல் ஒல்லியான சுவரை நிறுத்தினால் மூன்றாம் மழைக்கு விரிசல் விடும். ஆகையால் ஆழத் தோண்டி, அகலக் கட்டி, சுமையைப் பரப்பி நிறுத்தினார்கள். சாளரம் சிறியதானது அனல்காற்றை வெளியே நிறுத்த. கூரையைத் தாங்கும் பனங்கை, சுண்ணாம்போடு சேர்த்த கருப்பட்டிக் கரைசல், கடுக்காய் நீர் ஆகிய யாவும் சுற்றுப்புறம் கொடுத்தவை. கட்டியவர் கஞ்சர் அல்லர், கணக்கறிந்தவர்.

இதே தொகுப்பில் நெசவாளர் வீடு ஒன்றின் உட்புறம் இருக்கிறது. அருப்புக்கோட்டையின் பெயரை வெளியூர்களில் விளங்கச் செய்தவற்றுள் கைத்தறியும் ஒன்றன்றோ. தரையில் சிமெண்டு நிறம் மாறிய நீள்சதுரம் ஒன்று தெரிகிறது. மாணவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தூணின் வண்ணத்தை மட்டும் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்தச் சதுரம் மூடப்பட்ட தறிக்குழி. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கால் இறக்கி உட்கார்ந்த இடம். படப்பெட்டி அதைக் கண்டது. படம் எடுத்தவர் காணவில்லை. புகைப்படத்தின் சிறப்பும் குறையும் இதிலேயே அடங்கியிருக்கின்றன. ஓவியன் தான் கண்டதையே வரைவான். படப்பெட்டியோ நாம் காணாததையும் பதிந்து வைக்கிறது, பின்னால் வருபவன் காணட்டும் என்று.

பதினேழாவது படம் நமக்கு மிக உவப்பானது. நம்மவர் ஒருவரின் பழைய வீட்டு வாசல்நிலை. மேற்சட்டத்தில் கொடியும் பூவும் செதுக்கியிருக்க, நடுவே "வளைந்த கொடி வேலைப்பாடு" என்று மாணவர் குறித்திருக்கும் நான்கு சுழிகள். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தோம். கொடி அன்று, தமிழ் எண்கள். ௧௩௩௬. ஹிஜ்ரி 1336! கிறிஸ்தவ ஆண்டில் 1917 அக்டோபரில் தொடங்கி 1918 அக்டோபரில் முடிந்த ஆண்டு. அரபியர் ஆண்டைத் தமிழ் எண்ணில் எழுதி, அதைத் தமிழ்த் தச்சரிடம் கொடுத்து, பூங்கொடிக்கு நடுவே செதுக்கச் சொன்ன அந்த வீட்டுக்காரர் யாரோ, அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. நம் பிள்ளைகளுக்கு அரபு எண்ணும் தெரியவில்லை, தமிழ் எண்ணும் தெரியவில்லை. ஆகவே வீட்டின் பிறந்தநாள் அவர்களுக்குப் பூவேலையாகிவிட்டது. இந்தக் குறையைப் படம் எடுத்தவர்மேல் மட்டும் சுமத்துவது நீதியன்று. ஓதிக்கொடுத்தவர்கள் நாம்.

இவ்விடத்தில், உருவம் பதிப்பது பற்றிய மார்க்க வினாவை எழுப்பும் அன்பர்கள் சிலர் இருப்பர். உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றித்தான் அறிஞர்களிடையே நீண்ட விவாதம். மரம், கட்டடம் போன்ற உயிரற்றவற்றை வரைவதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே வழிகாட்டியிருக்கிறார்கள். புகைப்படத்தைப் பொறுத்தவரை, எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் 1920 வரை இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, அது புதிதாக உருவத்தைப் படைப்பது அன்று, இருக்கும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று தனிநூல் எழுதி வாதித்தார். அதை ஏற்காதவர்களும் உளர். நம் மாணவரின் நாற்பது படங்களிலும் மனித முகம் ஒன்றுகூட இல்லை. எனவே வழக்கு இங்கே எழவில்லை.

நம் நாட்டில் இக்கலையின் தொடக்கத்தைச் சற்றே நோக்குவது பயன்தரும். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படைத்தலைவர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்து, கண்ணாடிக்குப் பதில் மெழுகேற்றிய தாளில் படம் பிடித்து, மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சை ஆகியவற்றைப் பதிந்தார். அவர் தொகுதிகள் 1858இல் வெளிவந்தன. இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலை, பின்னர்ச் செப்பனிடப்படுவதற்கு முன் இருந்தபடி, அவர் படங்களில் காணலாம். தூண்களின் கனமும் வளைவுகளின் விரிவும், உதிர்ந்த சுதையும் அவற்றில் தெளிவாக உள்ளன. ஆனால் நெடுநேரம் திறந்து வைத்தால்தான் அக்காலப் படப்பெட்டியில் உருவம் பதியும். ஆகையால் நடமாடிய மக்கள் மறைந்துபோயினர். ஊர் முழுதும் குடிபெயர்ந்துவிட்டதோ என்று தோன்றும். வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் மேகத்தையும், மரங்களில் இலையையும் தூரிகையால் சேர்த்தும் இருக்கிறார். அழகுக்காகச் செய்தார், நமக்கு உடன்பாடில்லை. சாட்சி கூற வந்தவர் சாட்சியத்தில் ஒரு மேகத்தைக் கூடச் சேர்த்தல் தகாது.

அதே டிரைப்தான், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, இடம் விட்டு இடம் நகர்ந்து எடுத்த இருபத்தொரு படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக ஆக்கியவர். கோபுரத்தின் பெருமையைக் காட்டும் ஒரு படம் எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரியாது. தமக்குப் படிக்கத் தெரியாததை, படிக்கத் தெரிந்தவனுக்காக, ஓர் எழுத்தும் விடாமல் பதிந்தார். அவர் வேலைகளிலெல்லாம் இதையே நாம் முதலிடத்தில் வைப்போம். நம் மாணவரும் அந்த வாசல்நிலையை அப்படித்தான் எடுத்திருக்கிறார், அறியாமலே.

இவரோடு வைத்து எண்ணத் தக்க இன்னொருவர் நம்மவர். எகிப்துப் படையில் பொறியாளராயிருந்த முஹம்மது சாதிக் பே. மதீனமா நகரை முதன்முதலாக 1861இல் படம் பிடித்தவர். 1880இல் மக்காவையும் பதிந்தார். அவர் நில அளவைக்காரர். படத்தோடு அளவையும் தொலைவையும் எழுதி வைத்தார். அவர் படத்தில் நிற்கும் பல கட்டடங்கள் இன்று அங்கே இல்லை. ஆயினும் எது எங்கே இருந்தது என்று கூற முடிகிறது.

அளவு என்று வந்தபின் நம் பள்ளிவாசல்களுக்கு வருவோம். தென்னாட்டு முஸ்லிம் கட்டடக் கலை பற்றி மெஹ்ர்தாத் ஷுகூஹி என்னும் ஈரானிய அறிஞர் ஆங்கிலத்தில் எழுதி 2003இல் வெளியிட்ட நூலை நம் வாசகர்களில் சிலரேனும் கண்டிருப்பர். மதுரை, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்ப் பள்ளிகளுக்கும் தர்காக்களுக்கும் நேரில் சென்று, அளந்து, தரைப்படம் வரைந்து, புகைப்படமும் சேர்த்த பேருழைப்பு. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெ. ராஜா முகமது அவர்களும் தமிழகத்து இஸ்லாமியக் கட்டடக் கலை பற்றித் தனிநூல் எழுதியிருக்கிறார். இவ்விரண்டையும் படித்தபின் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிக்குச் சென்றால் கண் வேறு விதமாகத் திறக்கிறது.

வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தப் பள்ளியின் கற்றூண்களைப் பாருங்கள். சதுரம், பட்டை, மீண்டும் சதுரம், மேலே போதிகை. நம் நாட்டு மண்டபத் தூணின் இலக்கணம் அது. சதுரத்தின் முகத்தில் உருவம் வரவேண்டிய இடத்தில் பூ மலர்ந்திருக்கிறது. யாளி எழும்பவேண்டிய இடத்தில் வெறும் கல் அடக்கமாய் நிற்கிறது. "கோயிலைப் பார்த்துக் கட்டியது" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்களில் சிலர் அதைக் கேட்டு வெட்கப்பட்டு, குவிமாடமும் மினாராவும் வைத்த சிமெண்டுப் பள்ளிக்கு ஏங்குகிறார்கள். இரு சாராரும் தூணைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்: உளி தமிழ்க் கல்தச்சருடையது, எதைச் செதுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற கட்டளை தவ்ஹீதுடையது. சீறாவில் உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழ்நிலத்து மழையும் வயலும் கொண்டு பாடியதை இலக்கியம் என்று போற்றுகிறோம். அதையே கல்லில் செய்தவரை ஏன் மறந்தோம்? புலவருக்கு எட்டயபுரத்தில் அடக்கவிடம் இருக்கிறது. கல்தச்சருக்குப் பெயர்கூட இல்லை.

இந்த நூல்களிடத்தும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. கடற்கரையின் பெரும் பள்ளிகளும் மதுரை போன்ற நகரங்களும் அவற்றில் பெற்ற இடத்தை, உள்நாட்டுச் சிறு பள்ளிகள் பெறவில்லை. திருச்சுழி, கமுதி, அபிராமம் பக்கத்தில் நான்கு தூணும் ஒரு தாழ்வாரமும் கொண்ட பள்ளிகளை யார் அளப்பார்? பெருஞ்செல்வர் கட்டியவை அல்ல அவை. பருத்தியும் மிளகாயும் மல்லியும் விற்று வந்த காசில், ஒரு மழை பொய்த்தால் வேலை நின்று, அடுத்த மழைக்குத் தொடர்ந்தவை. அத்தகைய பள்ளியொன்றில் தூண் நடுவே, உட்கார்ந்தவரின் தோளளவில், கல் வழுவழுப்பாய் இருப்பதைக் கண்டோம். ஜும்ஆ நாளில் முதியவர்கள் சாய்ந்து சாய்ந்து உண்டானது. எந்தப் படத்திலும் அது வராது, கைவைத்தால்தான் தெரியும்.

திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் என்றோர் ஊர். மாணவர் அங்குள்ள சிவன் கோயிலைப் பல கோணத்தில் எடுத்திருக்கிறார். பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பள்ளி என்பது நாம் தொழுமிடத்துக்கு வழங்குவதற்கு முன் சமணருக்கும் பௌத்தருக்கும் வழங்கிய சொல். இப்பகுதியில் குறண்டி என்ற ஊரில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப்பள்ளி இருந்தது. மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிச் சமணர்மலையின் வட்டெழுத்துகளில் அப்பள்ளியின் பெயரும் அதைச் சார்ந்த துறவியரின் பெயர்களும் வருகின்றன. அந்தப் பள்ளியைக் குறிக்கும் கல்வெட்டுகளைப் பள்ளிமடம் கோயிலில் கண்ட ஆய்வாளர்கள், பழைய கற்கள் இங்கே வந்து சேர்ந்தன என்று கருதினர். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. கல் கைமாறுவது உலக வழக்கு. கைரவான் பெரும்பள்ளியின் தூண்களிலும் பல ரோமர் காலத்தவை. நாம் கேட்பது, ஒரு கல் எங்கிருந்து வந்தது என்ற வினா படம் எடுப்பவர் மனத்தில் எழுந்ததா என்பதே. மதுரைக் கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தை எடுக்காத படக்காரர் இல்லை. ஆறு ஊர்களின் உரிமை பற்றி எழுந்த வழக்கை ஆராய்ந்து, பாண்டியன் காலத்தில் விலை கொடுத்துப் பெற்ற உரிமையை 1573இல் வீரப்ப நாயக்கர் நிலைநிறுத்திய கல்வெட்டும் அந்த தர்காவுக்கு உரியதுதான். அதை எடுத்தவர் எத்தனை பேர்?

அரபுக் கவிதையைப் பயின்றவர்கள் அறிவர்: முஅல்லகாக் கவிஞர்கள் பலர் பாழ்மனையின்முன் நின்றுதான் கவிதையைத் தொடங்குவர். இம்ரவுல் கைஸும் லபீதும் முதலில் செய்வது இடத்தின் பெயர் சொல்வது. எந்த மணல்மேடு, எதற்கும் எதற்கும் நடுவில் என்று தெளிவாகச் சொல்வார்கள். லபீத் (ரலி), வெள்ளம் அரித்து வெளிப்படுத்திய மனைச் சுவடுகளை, மங்கிய ஏட்டில் எழுதுகோல் புதுப்பித்த எழுத்துகளுக்கு ஒப்பிட்டார். கண்ணீரெல்லாம் அதற்குப் பின்புதான். நம் மாணவரின் நாற்பது படங்களில் இருபத்திரண்டுக்கு ஊர்ப்பெயர் இல்லை. அளவுகோலோ, ஒரு சாண் குச்சியோகூட எதிலும் வைக்கப்படவில்லை. இது சிறு குறையன்று என்பதற்கு முப்பத்தோராவது படமே சான்று.

ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலின் முற்றம். ஊரின் பெயர் வேண்டா; ஜமாஅத்தார் நல்லவர்கள். தரையில் பதிந்த பட்டைக்கல். அதில் ஒரு குழி. குழியிலிருந்து சற்றுத் தள்ளிக் குறுக்கே ஒரு கோடு. "ஹஜ்ரத், இது ஆட்டுக்கல்லோ என்று நினைத்தேன். விசித்திரமாய் இருந்தது, எடுத்துவிட்டேன்" என்றார் மாணவர். தொழுகை நேரம் காண நிழல் பார்க்கும் கல் அது. குழியில் ஒரு சாண் உயரக் கம்பி நிற்கும். நிழல் குறுகி, மறுபடி கிழக்கே சாயத் தொடங்கினால் லுஹர். கம்பியின் நீளத்தளவு நிழல் வளர்ந்தால் ஷாஃபி மத்ஹபின்படி அஸர் நுழைகிறது. இருமடங்கு வளர்ந்தால் ஹனஃபி மத்ஹபில் அஸர். சூரியன் தலைக்கு நேரே வரும் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் இங்கே நண்பகலில் நிழலே இராது. மற்ற நாட்களில் எஞ்சும் நிழலை அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கணக்குத் தெரிந்த மோதினார் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

படத்தில் தெரியும் கோடு குழியிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருப்பதாகக் கல்லின் அருகே கிடக்கும் செங்கலைக் கொண்டு மதிப்பிட்டோம். ஆனால் இன்று அந்தப் பள்ளியில் ஹனஃபி முறையில்தான் தொழுகை. இந்நாடு இரண்டுக்கும் நடுவில் கிடப்பது; மேற்கே ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள், கிழக்கே கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிகள். அப்படியானால் அந்த ஊரின் மூதாதையர் கீழக்கரைப் பக்கமிருந்து வந்து, பின்னர் மத்ஹபு மாறினார்களா? அல்லது கல்லில் இரண்டாம் கோடும் இருந்து, இரு சாராரும் ஒரே முற்றத்தில், ஒரே கல்லைப் பார்த்து, முன்னும் பின்னுமாகத் தொழுதார்களா? பின்னது உண்மையானால், மத்ஹபின் பெயரால் இன்று பூசலிடும் ஊர்களுக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் வேறில்லை. விடை இரண்டாம் சாணில் இருக்கிறது. படமோ ஒன்றரைச் சாணில் முடிகிறது. மினாராவின் நிழல் அழகாக விழவேண்டும் என்று படப்பெட்டியை மேற்கே திருப்பியிருக்கிறார்.

நாம் மாணவரையும் அழைத்துக்கொண்டு நேரில் சென்றோம். முற்றம் முழுதும் பளபளப்பான ஓடு பதித்திருந்தார்கள். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம். கல் அடியிலேயே இருக்கலாம், பெயர்த்திருக்கவும் கூடும் என்றார் முத்தவல்லி. முதியவர் இருவரை விசாரித்தோம். இரண்டு கோடு இருந்தது, நானே நிழல் பார்த்திருக்கிறேன் என்றார் ஒருவர். ஒன்றுதான், அதுவும் கோடன்று, கல்லில் விழுந்த கீறல் என்றார் மற்றவர். இருவரும் நம் முன்னாலேயே வாதிடத் தொடங்கினார்கள்.

மாணவர் இப்போது வீடுவீடாகச் சென்று, அம்முற்றத்தில் எடுத்த பழைய நிக்காஹ் படங்களைக் கேட்டு வருகிறார். சென்ற வாரம் ஒன்று கிடைத்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தியது. மாப்பிள்ளையும் தோழர்களும் வரிசையாக நிற்கிறார்கள். கல் நன்றாகத் தெரிகிறது. குழி தெரிகிறது, முதற்கோடும் தெரிகிறது. அதற்கப்பால், கல்லின் கிழக்கு ஓரத்தில், மாப்பிள்ளைத் தோழர் ஒருவர் இரு காலையும் அகற்றி ஊன்றி நிற்கிறார்.